சூட்டுப் படத்தில் பூங்கோதை

செங்கரட்டுக்குச் சிக்னல் ஆபீஸ் வந்த நாலாவது வருஷம், வைகாசி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, செத்து ஏழு வருஷமான பூங்கோதை கணினித் திரைக்குள் தன் வீட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், கிளுவை வேலியோரமாகவே நடந்தாள், மாட்டுத் தண்ணித்தொட்டியின் கல்விளிம்பில் உட்கார்ந்தாள், ஐந்து மணி வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

சிக்னல் ஆபீஸ் என்பது நாங்கள் வைத்த பெயர். கேட்டுக்கு மேலே எழுதியிருக்கும் பெயர் ரொம்ப நீளம். ராணுவத்துக்கு மென்பொருள் செய்கிற இடம் அது. வயர்லெஸ் செட்டை இந்த மேட்டில் வைத்தால் அந்தப் பள்ளத்தில் இருக்கிறவனுக்குக் கேட்குமா, நடுவில் ஒரு பாறைக்கரடு நின்றால் குரல் எவ்வளவு தேயும், மழையில் எவ்வளவு, மரத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வது அதில் ஒரு பாதி. புகைக்குள்ளும் புதருக்குள்ளும் இருக்கிற ஆளின் உடம்புச் சூட்டை வெப்பக் கேமரா எத்தனை தூரத்திலிருந்து பிடிக்கும் என்று படமாகவே காட்டுவது மறுபாதி. முதல் பாதிக்குத் தெய்வசிகாமணி பொறுப்பு, மறுபாதிக்குத் தமயந்தி பொறுப்பு. இருவரும் புருஷன் பெண்டாட்டி. தெய்வசிகாமணி எங்கள் ஊர்க்காரர். பூங்கோதை அவருடைய முதல் சம்சாரம், கல்யாணமான மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டவள். தமயந்தி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, பக்கத்து அறைக்காரரைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவள்.

சோதித்துப் பார்க்க ஒரு நிலம் வேண்டியிருந்தது. எல்லைப்பக்கத்து நிலத்தின் அளவுகளைத் தர மேலிடம் யோசித்துக்கொண்டே இருந்ததால், கண்ணெதிரே கிடந்த செங்கரட்டையே அளந்து கணினிக்குள் ஏற்றினார்கள். கரடு, தண்ணீர்த் தொட்டி, மேய்ச்சல் காடு, ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு வீட்டுக் கதவு, தமயந்தி போன வருஷம் பின்பக்கம் போட்ட புது இரும்புக் கதவு வரைக்கும் ஏற்றினார்கள். ஆட்களை மட்டும் இன்னும் ஏற்றவில்லை. ஆளில்லாத ஊரில்தான் பூங்கோதை அந்த இரும்புக் கதவைத் திறந்தாள், அதன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இழுபடும் என்று தெரிந்தவளாட்டம்.

சூட்டுப் படத்தில் முகம் தெரியாது. சாம்பல் நிறத் தரையில் வெள்ளையாக ஓர் உருவம், அவ்வளவுதான். தமயந்தி அதை ஏதோ கணக்குப் பிழை என்று நினைத்துக் குறித்துக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த பழனாத்தாள் திரையைப் பார்த்துவிட்டு, டம்ளரை மேஜையில் வைத்தபடியே சொன்னாள்.

"ஏனுங்க, நம்ம பூங்கோதையல்லங்க இது! இடுப்புல கைய வெச்சுட்டு எடது கால இழுத்து நடக்கறதப் பாருங்க. வேற ஆரு அப்படி நடப்பா?"

இயக்குநர் கிருபாகரன் வந்து பார்த்தார். "நாம ஆள் யாரையும் வைக்கலையேம்மா?" என்று கேட்டார். வைக்கவில்லை என்றாள் தமயந்தி. "உடம்புச் சூடு சரியா வருதா?" என்று கேட்டார். சரியாக வருகிறது என்றாள். "நடை வேகம்?" அதுவும் சரி என்றாள். "அப்ப இருந்துட்டுப் போகட்டும். வைக்க வேண்டியதுல ஒரு ஆள் மிச்சம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

பழனாத்தாள் கேட்டைத் தாண்டுவதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. யாரும் அலறவில்லை, யாரும் விபூதி தேடவில்லை. வெளியூர் போனவள் வந்துவிட்டாள் என்கிற மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். புதன்கிழமைதோறும் பார்வையாளர் வரலாம் என்று ஆபீசில் முடிவாயிற்று; காவலாளியின் நோட்டில் 'வந்த காரியம்' என்ற இடத்தில் 'பூங்கோதையைப் பார்க்க', 'பூங்கோதையைப் பார்க்க' என்று பக்கம் பக்கமாக நிறைந்தது. அவளோடு பத்தாவது படித்தவள் தன் இரண்டாவது பிள்ளையைத் தூக்கி வந்து திரைக்கு முன்னால் காட்டினாள். தையற்காரர் ஆறுச்சாமி, அவள் சாகும் முன்னால் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியை ஏழு வருஷம் கழித்துத் தைத்து முடித்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஆபீசில் ஒப்படைக்க, ஸ்டோர் ரூமில் அதற்கும் ஓர் எண் போட்டு அலமாரியில் வைத்தார்கள். ஊருக்குள்ளே நிஜ வேலியோரத்தில் மூன்று நாற்பதுக்குமேல் யாரும் கழுவுத் தண்ணீரைக் கொட்டுவதில்லை, நிஜத் தொட்டிக்கு அந்த நேரத்தில் மாடுகளைப் பத்துவதில்லை, தாராபுரம் பஸ்காரர் அந்த முக்கில் ஹாரன் அடிப்பதில்லை.

பொறாமை முதலில் ஊருக்குத்தான் வந்தது. வடக்கு வளவுத் தெருக்காரர்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு, தங்கள் பாட்டனான அப்பாருவின் போட்டோவையும் இணைத்து ஒரு மனு கொடுத்தார்கள். ஊருக்கே முதல் முதலாகக் கிணறு வெட்டினவர் அப்பாரு, அவர் வராத இடத்துக்கு நேற்றுக் கல்யாணமாகி வந்த பிள்ளை வருவது என்ன நியாயம் என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும் என்று இயக்குநர் பதில் போட்டார். அதற்குப் பிறகு அந்த வளவுக்காரர்கள் பூங்கோதையைப் பார்க்க வருவதில்லை. அவள் நடை முன்னைப்போல இல்லை, கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

தமயந்திக்கு வந்த பொறாமை அந்த மாதிரியானதல்ல. மனுக் கொடுக்கிற இடமும் அதற்கு இல்லை.

தெய்வசிகாமணிக்கு ரேடியோ அறையில்தான் வேலை. அதுவரைக்கும் தமயந்தியின் அறைக்கு அவர் வந்ததில்லை, வர வேண்டிய தேவையும் இல்லை. இப்போது தினமும் மூன்று முப்பத்தைந்துக்கு டீ டம்ளரோடு வந்தார், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், டீயைக் குடிக்காமலே ஐந்து மணி வரைக்கும் நின்றார், ஆடை படிந்த டீயைச் சன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டுப் போனார். அவர் மூச்சு அவள் பிடரியில் படும். மூன்று வருஷக் குடித்தனத்தில் அந்த மூச்சு இத்தனை நேரம் அவள் பக்கத்தில் அசையாமல் நின்றதில்லை, இப்போது நிற்பதும் அவளுக்காக இல்லை. ஒருநாள் அவள் திரும்பாமலே, "உட்காருங்களேன், நாற்காலி போடச் சொல்றேன்" என்றாள். "பரவால்ல" என்றார். வேறொரு நாள், "என்ன தெரியுது உங்களுக்கு அதுல?" என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எளச்சுட்டா" என்றார்.

ஒரு வெள்ளைப் புள்ளியில் இளைப்பும் கொழுப்பும் தெரிகிற கண் இத்தனை நாள் எங்கே இருந்தது? போன மாசம் அவள் நாலு கிலோ இளைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

வீட்டில் அவளுக்கு ஒவ்வொரு பொருளும் அன்னியமாகிக்கொண்டு வந்தது. உரலைப் பார்த்தால் இதில் அவள் ஆட்டியிருப்பாள் என்று தோன்றியது, கொடிக்கயிற்றைப் பார்த்தால் இதை அவள்தான் கட்டியிருப்பாள் என்று தோன்றியது. தான் போட்ட இரும்புக் கதவு ஒன்றுதான் தன்னுடையது என்று நினைத்திருந்தாள், அதையும் அவள் தினம் திறந்து மூடுகிறாள். இருக்கிறவளோடு என்றால் எதிரே நின்று சண்டை போடலாம், கூந்தலைப் பிடிக்கலாம், பஞ்சாயத்துக்கு இழுக்கலாம். இவளை என்ன செய்வது?

ஆபீஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சமையல்கட்டுச் சன்னல் வழியாக அவள் அதைப் பார்த்தாள். தெய்வசிகாமணி நிஜமான தண்ணித்தொட்டியின் நிஜமான கல்விளிம்பில் போய் உட்கார்ந்திருந்தார். நட்டநடுவில் உட்காரவில்லை. ஓர் ஆள் உட்காரும்படி இடதுபக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் மணி மூன்று நாற்பது.

மறுநாள் காலையில் தமயந்தி கணினிக்குள் செங்கரட்டின் தரைச் சூட்டை முப்பத்தேழு டிகிரிக்கு ஏற்றினாள். வெப்பக் கேமரா பார்ப்பது சூட்டை அல்ல, சூட்டுக்கும் சூட்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை. மண்ணும் உடம்பும் ஒரே சூடாகிவிட்டால் உடம்பு மண்ணில் கரைந்துபோகும். பதிவேட்டில் 'கோடைக்கால அளவு' என்று எழுதினாள். அதில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கு மூன்று நாற்பதுக்குப் பின்கதவு திறந்தது, மூடியது. வேலியோரத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெய்வசிகாமணி ஐந்து மணி வரைக்கும் வெறும் சாம்பல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த இரண்டு நாளும் நின்றார். நாலாம் நாள் வரவில்லை. தமயந்தி அன்று சாயங்காலம் பருப்புப் பாயசம் வைத்தாள், அவர் இரண்டு டம்ளர் குடித்தார், அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஊர் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பூங்கோதை போய்விட்டாள் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. கதவு திறந்து மூடுகிறதே, போனவள் எப்படிக் கதவைத் திறப்பாள்? வெயில், அதுதான் விஷயம் என்றார்கள். உள்ளே வெயிலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளை காய்கிறாள் என்றார்கள். கேட்டில் இளநீர்க் குலையும் மோர்ப் பானையும் வந்து இறங்கின. தலைக்கனம் என்று பேசித் திரிந்த வடக்கு வளவிலிருந்துகூட ஒரு கூடை வெள்ளரிப் பிஞ்சு வந்தது. இயக்குநர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பரிசீலிக்கிறோம் என்றார்.

ஐந்தாம் நாள் பூங்கோதையின் அம்மா அங்காத்தாள் வந்தாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். இரண்டு பஸ் மாறி வந்தவள், பார்வையாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தமயந்தி கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். மகள் வந்ததிலிருந்து இதுவரை ஒரு புதன்கிழமையும் அவள் பார்க்க வந்ததில்லை.

"பாக்க வரலீங்க அம்மிணி," என்றாள். "பாத்தா மறுபடி எளவு விழுந்தாப்புல ஆயிரும்னு வல்ல. இப்ப வெயில்ல காயறான்னு சொன்னாங்க. அதான் இருக்க முடியல."

தமயந்தி காலி டம்ளரை வாங்கி வைத்தாள்.

"அவளுக்கு வெயிலு ஆகாதுங்க. காச்சல்ல கெடந்தப்ப ஒடம்பு கொதிக்குது கொதிக்குதுன்னே சொல்லீட்டுக் கெடந்தா. அந்தப் பொட்டிக்குள்ளாற ஒரு மரம் வெக்கோணும். வெள்வேலா மரம் ஒண்ணு. வெக்க முடியுமுங்களா?"

"அதெல்லாம் பெரியவங்களைக் கேட்கணும்மா."

"பெரியவரக் கேட்டேன். மரம் மட்டையெல்லாம் உங்க சோலின்னு சொன்னாரு." அங்காத்தாள் சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "வெயிலக் கூட்டறதும் உங்க சோலின்னு சொன்னாரு."

தமயந்திக்குக் காது இரண்டும் சுட்டது. கிழக்கே பார்த்தாள், மேற்கே பார்த்தாள். அங்காத்தாளின் குரலில் கோபம் ஏதும் ஏறவில்லை.

"எனக்கு எதும் தெரியாதுங்க கண்ணு. நானும் சக்களத்தியோட வாழ்ந்தவதான். ரெண்டு பேரும் ஒரே வாசல்ல பன்னெண்டு வருசம் பேச்சுவார்த்த இல்லாத இருந்தோம். அவ மேலுக்குச் சொகமில்லாமப் படுத்தப்ப நாந்தான் கஞ்சி ஊத்துனேன், திட்டீட்டேதான் ஊத்துனேன். நீயும் திட்டீட்டே வெய்யி. ஆனா வெச்சுரு."

அவள் போன பிறகு தமயந்தி மரத்தை வைத்தாள். திட்டிக்கொண்டேதான் வைத்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல், வீட்டைவிட்டு நூற்றைம்பது அடி தள்ளி, மேய்ச்சல் காட்டுப் பக்கமாக வைத்தாள். வேண்டுமானால் அவ்வளவு தூரம் நடக்கட்டும் என்று வைத்தாள். பெரிய மரமாக, நிழல் அகலமாக வைத்தாள், நிழலில் தரைச் சூடு முப்பதுக்கு இறங்கியது. மூன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது, மூடியது. ஐந்து நிமிஷம் எதுவும் இல்லை. அப்புறம் மர நிழலுக்குள் வெள்ளையாக ஒரு கால் தெரிந்தது, இழுத்து வைத்த இன்னொரு கால் தெரிந்தது, முழு உருவமும் தெரிந்து, அடிமரத்தில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தது.

தெய்வசிகாமணியின் ரேடியோ வரைபடத்தில் அந்த மரம் ஒரு கீற்று நிழலாக விழுந்தது. மரம் இருந்தால் அலை தேயும். அதற்காக அவர் தன் பக்கத்து அட்டவணை முழுவதையும் மூன்று நாள் உட்கார்ந்து மாற்றிக் கணக்கிட்டார். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று கேட்கவில்லை. "மரம் நல்லாருக்குது" என்று மட்டும் சொன்னார். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

ஆவணியில் ராணுவத்திலிருந்து பார்க்க வந்தார்கள்; அதற்காகத் தரைச் சூட்டைத் தமயந்தி பழைய அளவுக்கு இறக்கியிருந்தாள், மரத்தை மட்டும் எடுக்கவில்லை. கர்னல் வடநாட்டுக்காரர், ஆனால் நீலகிரியில் ஐந்தாறு வருஷம் இருந்ததால் தமிழ் பேசினார். கணினிச் செங்கரட்டில் நாற்பத்தோரு ஆட்களை அங்கங்கே ஒளித்துவைத்து, எத்தனை பேரைக் கேமரா கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பது சோதனை. கண்டுபிடித்த சூட்டின்மேலெல்லாம் குண்டு விழும், அதுதான் பயிற்சி. பிற்பகல் நாலு மணிக்கு எண்ணிக்கை வந்தது.

"நாற்பத்தியொண்ணு வெச்சீங்க," என்றார் கர்னல். "நாற்பத்திரெண்டு தெரியுது. மரத்தடியில யாரு?"

இயக்குநர் கைக்குட்டையை எடுத்தார். அறை முழுக்க எங்கள் ஊர் ஆட்கள், எல்லாருக்கும் தெரியும், ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அப்போது பின்னாலிருந்து தெய்வசிகாமணி சொன்னார்:

"எடுத்துரலாங்க சார்."

தரையில் கிடக்கிற காகிதத்தை எடுத்துவிடலாம் என்கிற குரலில் சொன்னார். நாலு மாசமாகத் தமயந்தி கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது, அந்த வாயிலிருந்தே, எல்லார் முன்னாலேயும். கேட்டதும் அவளுக்கு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்க முடியாது சார்," என்றாள் தமயந்தி. "எங்க வீட்டு மூத்தவங்க."

கர்னல் திரையையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "போராளியா, பொதுமக்களா?"

"பொதுமக்கள்தான் சார். சாயங்காலம் காத்தாட வந்து உட்காருவாங்க."

"அப்போ ரெஜிஸ்டர்ல பேர் வேணும். பேர் இல்லாத ஆளை நான் கையெழுத்துப் போட்டு வாங்க முடியாது."

தமயந்தி உட்கார்ந்து தட்டினாள். அதுவரைக்கும் அவள் 'அவ' என்றும் 'அது' என்றும்தான் சொல்லியிருந்தாள், பெயரைச் சொன்னதில்லை. பூங்கோதை, பொதுமக்கள், வயது இருபத்தாறு. 'தகவல் தெரிவிக்க வேண்டிய நபர்' என்ற இடத்தில் தெய்வசிகாமணி என்று தட்ட ஆரம்பித்து, நிறுத்தி, அழித்து, தமயந்தி என்று தட்டினாள். கர்னல் கையெழுத்துப் போட்டார். அந்த மரத்தைச் சுற்றி இருநூறு கஜத்துக்குள் குண்டு போடுகிறவனுக்குப் பயிற்சியில் மதிப்பெண் கிடையாது என்றும் எழுதிவைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது தெய்வசிகாமணி, "உனக்காகத்தான் சொன்னேன்" என்றார்.

"எனக்காக ஒருத்தியை எடுத்துரலாம்னு சொல்ற வாய், நாளைக்கு யாருக்காக என்னை எடுக்கச் சொல்லும்?"

தொட்டி பக்கம் வந்ததும் அவர் நின்றார். "தினம் வந்து நின்னேனே, எதுக்குன்னு நெனச்சே? இங்கிருந்து பேசுனா அவளுக்குக் கேக்குமான்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டிருந்தேன். எனக்குத் தெரிஞ்ச அத்தன அலைவரிசையிலயும் போட்டுப் பாத்தேன். எதுலயும் எட்டல."

"எட்டியிருந்தா என்ன பேசறதா இருந்தீங்க?"

"உன்னையக் கட்டிக்கிட்டேன்னு சொல்லலாம்னுதான். சொல்லாமயே கட்டீட்டேனில்ல."

தமயந்தி அதில் பாதியை நம்பினாள். மீதிப் பாதியை நம்பாமல் வைத்துக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

புரட்டாசியில் மென்பொருள் வடக்கே ஒரு பாலைவனப் பயிற்சி முகாமுக்குப் போனது, செங்கரட்டு நிலமும் அதோடு போனது, ஒப்பந்தப்படி இங்கே இருந்த பிரதியை அழித்தார்கள். ஊர் கூடி வழியனுப்பியது. ஆறுச்சாமியின் ரவிக்கையையும் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். புதன்கிழமைகள் பழையபடி வெறும் புதன்கிழமைகள் ஆயின. முகாமிலிருந்து மாதாமாதம் கோளாறு அறிக்கை வரும். அதில் கடைசியில் ஒரு வரி, 'சிவிலியன் பூங்கோதை நலம்' என்று, யாரும் கேட்காமலே அந்தப் பையன்கள் எழுதிவிடுவார்கள். தமயந்தி அதைப் படித்துவிட்டு, மற்றவர் கண்ணில் படாமல் கோப்பில் போட்டுவிடுவாள். தெய்வசிகாமணியின் அறைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பமாட்டாள்.

தை மாசத்தில் ஒருநாள் ஹவில்தார் ஒருவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது, தகவல் தெரிவிக்க வேண்டிய நபருக்கு. "சிவிலியன் பூங்கோதை ஆறு நாட்களாக மரத்தடிக்கு வரவில்லை. மென்பொருள் கோளாறா, உடல்நலக் குறைவா என்று தெரிவிக்கவும். எங்கள் ஆட்கள் கவலையில் இருக்கிறார்கள்."

தமயந்தி இரண்டு தடவை படித்தாள். ஆறு நாள். தெய்வசிகாமணி ஓடு மாற்றுகிறேன் என்று லீவு போட்டு வீட்டில் இருந்ததும் ஆறு நாள். கணினியை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில், பாதி ஓட்டமாகவும் பாதி நடையாகவும் வீட்டுக்கு வந்தாள். அவர் கூரைமேல் இருந்தார், தலை முழுக்கத் தூசி, தனியாக. அவள் உள்ளே போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டுத்தரைக்குப் போய் மாட்டுக்கு அந்தப்பக்கம் குனிந்து பார்த்தாள், தொட்டியின் கல்விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்தாள். வெயிலின் சூடுதான்.

"என்ன தேடறே?" என்று கூரையிலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

சோறு போட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பிப் பதில் எழுதினாள். "கோளாறு இல்லை. இங்கும் வரவில்லை. அக்கா சில நாள் அப்படி இருக்கக்கூடும். மரத்தடியைச் சுற்றி ஓசை வேண்டாம். வந்தவுடன் எனக்குத் தெரிவிக்கவும்."

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் போனது, அதற்கு மறுநாளும் போனது. மோர் கரைத்தால் உப்புப் போட மறந்தாள். போனவளுக்கு என்ன வந்தது, காய்ச்சலா, கோபமா, அந்த மணல்காட்டில் தனியாக என்ன செய்வாள் என்று, எங்கள் பழனாத்தாளிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். மூன்றாம் நாள் தெய்வசிகாமணி லீவு முடிந்து ரேடியோ அறைக்குத் திரும்பினார்; அன்று பிற்பகலே செய்தி வந்தது.

"பூங்கோதை அம்மா இன்று மூன்று நாற்பதுக்கு வந்துவிட்டார். நலம். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம்."

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழனாத்தாளைக் கூப்பிட்டுச் சொன்னாள், இயக்குநரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள், ரேடியோ அறை வாசல் வரைக்கும் போய் அங்கேயும் முதல் தடவையாகத் தன் வாயாலேயே சொன்னாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, செய்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு, ஹவில்தாருக்கு ஒரே ஒரு வரி திருப்பி அனுப்பினாள்.

"தனியாகத்தான் வந்தாரா?"